வாசலில் எழுதியிருக்கும் பெயர்

(நியூ ஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில், ஏப்ரல் கடைசியில் ஒரு மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு புதுமனை புகுவிழாவில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் என்னைத் தனியாகக் கார் நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப் போனார். போனை எடுத்து இரண்டு கடிதங்களைக் காட்டினார். இரண்டும் அவர் மகளுக்கு வந்த கல்லூரி அனுமதிக் கடிதங்கள். ஒன்று, பெயரைச் சொன்னால் ஊரில் இருக்கும் பாட்டிக்குக்கூடத் தெரிகிற கல்லூரி. ஆண்டுக்கு 90,000 டாலர் கட்ட வேண்டும். இன்னொன்று நம் மாநிலப் பல்கலைக்கழகம். உதவித்தொகை போக ஆண்டுக்கு 14,000 டாலர் போதும். மகள் மருத்துவராக வேண்டும் என்கிறாள். "டாக்டர் சார், ஒரே வார்த்தையில சொல்லுங்க. மெடிக்கல் ஸ்கூல்ல காலேஜ் பேரைப் பார்க்கிறாங்களா, இல்லையா?"

நான் சில ஆண்டுகள் ஒரு மருத்துவப் பள்ளியின் சேர்க்கைக் குழுவில் விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் அவர் கேட்டார். என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இன்று உங்கள் முன் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், இந்தக் கேள்வி நம் வயிற்றைக் கலக்குவது ஏன் என்று பார்ப்போம். நாம் வளர்ந்த காலத்தில் நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஒரு மதிப்பெண், ஒரு தரவரிசை. அந்தப் பட்டியலில் எந்த இடம் என்பதை வைத்துச் சென்னை மருத்துவக் கல்லூரியா, ஸ்டான்லியா, அல்லது ஒன்றுமே இல்லையா என்று ஒரே நாளில் தீர்ந்துவிடும். கல்லூரிப் பெயர் என்பதே அந்தத் தரவரிசையின் இன்னொரு பெயர். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தோம். பதினேழு வயதில் கிடைக்கும் கல்லூரிதான் பிள்ளையின் தலையெழுத்து என்று நம் மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது.

இங்கே அமைப்பே வேறு. 1893-இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி திறந்தபோது, பட்டப்படிப்பு முடித்தவர்களைத்தான் சேர்ப்போம் என்று விதி வைத்தார்கள். அப்போது நாட்டில் பல மருத்துவப் பள்ளிகள் கட்டணம் கட்டுகிற யாரையும் சேர்த்துக்கொண்டிருந்தன. மேரி எலிசபெத் காரெட் என்ற பெண்மணி பெரும் நன்கொடை கொடுத்தார். பெண்களையும் சமமாகச் சேர்க்க வேண்டும், தகுதி விதியைத் தளர்த்தக் கூடாது என்பவை அவர் போட்ட நிபந்தனைகள். 1910-இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்த்து அறிக்கை எழுதினார். அவர் மருத்துவர் அல்லர், பள்ளி நடத்திய ஆசிரியர். அதன்பிறகு ஹாப்கின்ஸ் வழியே நாட்டின் வழியாயிற்று. அந்த அறிக்கைக்கு ஒரு கொடுமையான விளைவும் உண்டு. அன்றிருந்த ஏழு கறுப்பின மருத்துவப் பள்ளிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும்தான் மிஞ்சின. இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

ஆக, இந்த நாட்டில் மருத்துவப் படிப்புக்கு முன்னால் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. உயிரியல் படிக்கலாம், வரலாறு படிக்கலாம், இசைகூடப் படிக்கலாம். வேதியியல், இயற்பியல் போன்ற தேவையான பாடங்களை முடித்திருந்தால் போதும். அந்த நான்கு ஆண்டில் பிள்ளை என்னவாக மாறுகிறது என்பதைத்தான் சேர்க்கைக் குழு பார்க்கிறது.

எப்படிப் பார்க்கிறது? பெரும்பாலான எம்.டி. பள்ளிகளுக்கு ஆம்காஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம். கல்லூரியிலிருந்து வரும் மதிப்பெண் பட்டியலை ஆம்காஸ் அமைப்பினர் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பாடத்தையும் தங்கள் அளவுகோலில் மறுபடி கணக்கிடுகிறார்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, வரும். அந்தக் கணக்கில், "இது கடினமான கல்லூரி, பாவம், கொஞ்சம் கூட்டிப் போடுவோம்" என்ற வரி கிடையாது. அடுத்து எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு. 472-இலிருந்து 528 வரை மதிப்பெண். எந்தக் கல்லூரிப் பிள்ளைக்கும் அதே தேர்வு, அதே அளவுகோல்தான். பிறகு 5,300 எழுத்துக்குள் ஒரு சுய கட்டுரை. செய்த பணிகள், அனுபவங்கள் 15 வரை, ஒவ்வொன்றும் 700 எழுத்துக்குள். அதில் மிக முக்கியம் என்று மூன்றைத் தேர்ந்து கூடுதலாக எழுதலாம். அப்புறம் பரிந்துரைக் கடிதங்கள்.

ஆண்டுக்குச் சுமார் 52,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள். சுமார் 23,000 பேர் சேர்கிறார்கள். சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.8-ஐ ஒட்டி இருக்கிறது, சராசரி எம்கேட் 512-ஐ ஒட்டி இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் ஆண்டுதோறும் ஒரு கட்டம் போட்ட அட்டவணை வெளியிடுகிறது. ஒரு பக்கம் ஜிபிஏ, இன்னொரு பக்கம் எம்கேட், நடுவில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற கணக்கு. இரண்டும் உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் பத்தில் எட்டுப் பேருக்குக் கிடைக்கிறது. இரண்டும் சரியச் சரிய அந்தக் கணக்கும் சரிகிறது. அந்த அட்டவணையில் கல்லூரிப் பெயருக்கு ஒரு வரிசைகூடக் கிடையாது. வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கள், இலவசமாகக் கிடைக்கிறது.

நான் படித்த ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பென்சில்வேனியாவில் மூடிப்போன நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னக் கல்லூரிப் பெண். அந்தக் கல்லூரியின் பெயரை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. வாரத்தில் மூன்று இரவு முதியோர் இல்லத்தில் செவிலியர் உதவியாளர் வேலை. அங்கே ஒரு பெரியவர், மறதி நோய், இவளைத் தன் செத்துப்போன மனைவியின் பெயரால் கூப்பிடுவாராம். முதல் மாதம் இவள் ஒவ்வொரு தடவையும் திருத்தியிருக்கிறாள். ஒரு நாள் திருத்தவில்லை. படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே, "சொல்லுங்க" என்றிருக்கிறாள். அன்றுதான் அவர் முரண்டு பிடிக்காமல் மாத்திரையை விழுங்கினாராம். பொய் சொன்னேனா, ஆறுதல் சொன்னேனா என்று இன்னும் தெரியவில்லை என்று எழுதி அதோடு நிறுத்தியிருந்தாள். பாடம் எதுவும் சொல்லவில்லை.

அவளுடைய வேதியியல் பேராசிரியரின் கடிதம் இரண்டு பக்கம். முதல் தேர்வில் இவள் தோற்றுவிட்டு அவர் அறை வாசலில் நின்றது, எந்த வினையின் படிநிலை புரியவில்லை என்று கரும்பலகையில் தானே எழுதிக் காட்டியது, கடைசித் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தது எல்லாம் அதில் இருந்தது. அதே மாலை இன்னொரு விண்ணப்பத்தையும் படித்தேன். நாட்டின் மிகப் புகழ்பெற்ற கல்லூரிகளில் ஒன்று. மதிப்பெண் நன்றாகத்தான் இருந்தது. கடிதம் நாலு வரி: முந்நூறு பேர் வகுப்பில் ஏ வாங்கினார், ஒழுங்கானவர், பரிந்துரைக்கிறேன். அந்தப் பையனை அந்தப் பேராசிரியருக்குத் தெரியாது, அவ்வளவுதான். பையன் மேல் குற்றமே இல்லை. ஆனால் குழுவில் அவனுக்காகப் பேச எங்கள் கையில் எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்காக மூன்று பேர் பேசினோம். அவளுடைய கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்று பேச்செல்லாம் முடிந்தபிறகுதான் ஒருவர் வரைபடத்தில் தேடினார்.

அப்படியானால் பெயருக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. உங்களிடம் மறைத்துப் பேச மாட்டேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் சேர்க்கை அதிகாரிகளிடம் எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறது. ஜிபிஏ, எம்கேட், மருத்துவச் சூழலில் தொண்டு, சமூகத் தொண்டு, கடிதங்கள், நேர்காணல் எல்லாம் மேலே இருக்கின்றன. கல்லூரியின் பெயர் அந்த வரிசையில் இல்லை. ஆனால் தனியார் மருத்துவப் பள்ளிகள் பெயருக்கு அரசுப் பள்ளிகளைவிடக் கூடுதல் எடை கொடுக்கின்றன. ஆராய்ச்சியில் முன்னணியில் இருக்கும் சில தனியார் பள்ளிகளின் முதலாண்டு வகுப்பைப் பார்த்தால் புகழ்பெற்ற கல்லூரிப் பிள்ளைகள் நிறையத் தெரிவார்கள்.

2023-இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புகழ்பெற்ற பன்னிரண்டு கல்லூரிகளில் சிலவற்றின் காத்திருப்புப் பட்டியலில் இருந்து, ஏறக்குறைய அதிர்ஷ்டத்தால் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். சராசரி வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உச்சியில் இருக்கும் பட்டமேற்படிப்புப் பள்ளிகளில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. இது மருத்துவத்தை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வு அல்ல, சட்டம் முதலிய எல்லாப் படிப்பும் சேர்ந்தது. இருந்தாலும் பெயருக்குப் பலன் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியாது. எனவே உங்கள் பிள்ளையின் குறி மருத்துவராவது என்றால், பெயர் ஒரு சின்ன எடை. நாட்டின் முதல் பத்துப் பள்ளிகளில் ஒன்றில் ஆராய்ச்சி மருத்துவராவதுதான் குறி என்றால், அந்த எடை கொஞ்சம் கூடுகிறது. இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "எங்கள் கல்லூரியில் விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மருத்துவ இடம்" என்று சில கல்லூரிகள் பெருமையாகச் சொல்லும். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: முதலாண்டில் ப்ரீமெட், அதாவது மருத்துவத்துக்குத் தயாராகிறேன், என்று தொடங்கியவர்கள் எத்தனை பேர்? கடைசியில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர்? சில கல்லூரிகளில் ஒரு குழு கூடி மாணவனுக்குப் பொதுக் கடிதம் எழுதும். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு அந்தக் கடிதம் சுலபத்தில் கிடைக்காது, அல்லது இந்த ஆண்டு வேண்டாமே என்று அறிவுரை வரும். வடிகட்டியபிறகு மிஞ்சியவர்களை எண்ணினால் தொண்ணூறு வரத்தான் செய்யும்.

இப்போது அந்தக் கறுப்பினப் பள்ளிகளின் கதைக்குத் திரும்ப வருகிறேன். அவற்றில் ஐந்து மூடப்பட்ட இந்த நாட்டில், கறுப்பின மாணவர்களை மருத்துவத்துக்குத் தயார் செய்யும் ஒரு கல்லூரியைச் சொல்கிறேன். நியூ ஆர்லியன்ஸில் சேவியர் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. கேத்தரின் ட்ரெக்ஸல் என்ற கன்னியாஸ்திரி நிறுவியது, 1925-இலிருந்து பல்கலைக்கழகம். சுமார் மூவாயிரம் மாணவர்கள்தான். பணக்காரக் கல்லூரி அல்ல. நம் வீட்டுப் பட்டியல்களில் அந்தப் பெயர் வரவே வராது. ஆனால் மருத்துவப் பட்டம் முடிக்கும் கறுப்பின மாணவர்களை நாட்டிலேயே அதிகமாக உருவாக்கிய கல்லூரி என்ற பெயரைப் பல்லாண்டுகளாக அது வைத்திருக்கிறது. ஐவி லீக் கல்லூரிகளால் முடியாதது அதற்கு எப்படி முடிந்தது?

நார்மன் ஃப்ரான்சிஸ் 1968-இலிருந்து 2015 வரை அதன் தலைவராக இருந்தார். அவர் காலத்தில் ஜே. டபிள்யூ. கார்மைக்கேல் என்ற வேதியியல் ஆசிரியர் ப்ரீமெட் பணியைக் கையில் எடுத்தார். வரும் பிள்ளைகளில் பலர் வசதியற்ற பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். பாடப்புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்துப் படி என்றால் முடியாது. எனவே வேதியியல், உயிரியல், கணித ஆசிரியர்கள் உட்கார்ந்து பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துப் பயிற்சிப் புத்தகம் எழுதினார்கள். எந்த ஆசிரியரிடம் படித்தாலும் ஒரே பாடம், ஒரே தரம். பக்கத்தில் இருப்பவனை முந்து என்று சொல்லவில்லை, சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள் என்றார்கள். ப்ரீமெட் அலுவலகம் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணையும் கவனித்தது, விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தியது, கெடு நாளை நினைவுபடுத்தியது. வீட்டில் டாக்டர் இருக்கும் பிள்ளைக்கு அப்பா அம்மா செய்வதை, இல்லாத பிள்ளைக்கு அந்த அலுவலகம் செய்தது. 2005-இல் கத்ரீனா புயலில் வளாகம் முழுக்க வெள்ளம். 2006 ஜனவரியில் கதவைத் திறந்து மறுபடி வகுப்பு நடத்தினார்கள். சேவியரைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. மன்னியுங்கள், அதற்குக் காரணம் என் வீட்டில் இருக்கிறது.

என் மூத்த மகள் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவள். அவளுக்கு ஒரு சின்னக் கல்லூரி பிடித்திருந்தது. நாங்கள் போய்ப் பார்த்தபோது ஓர் ஆசிரியை அவளோடு அரைமணி நேரம் ஆய்வகத்தில் நின்று பேசினார். நான் சம்மதிக்கவில்லை. பெரிய பெயருள்ள கல்லூரி கிடைத்தது, அதற்கு அனுப்பினேன். இரண்டாம் ஆண்டு அக்டோபரில் இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இடைத்தேர்வில் சி. நானூறு பேர் அரங்கு, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை என்றாள். "அப்பா, இங்க எல்லாருமே ரொம்ப புத்திசாலி. நான் இல்லை போல இருக்கு." பள்ளியில் வேதியியலுக்காகவே பரிசு வாங்கின பெண் அப்படிச் சொன்னாள். அந்த ஆண்டு முடிவில் மருத்துவத்தை விட்டுவிட்டாள். இன்று புள்ளியியல் துறையில் நல்ல வேலையில், மனநிறைவோடு இருக்கிறாள். அவள் டாக்டராகவில்லை என்பது என் வருத்தம் அல்ல. அவள் தேர்ந்தெடுத்த இடத்தை என் பயத்துக்காக நான் மாற்றினேன், அதுதான் வருத்தம்.

மதிப்பெண் போடும் வழக்கம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். பிரின்ஸ்டனில் 2004-இலிருந்து 2014 வரை ஏ வகை மதிப்பெண்கள் 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கொள்கை இருந்தது. ஹார்வர்டில் 2013-இல் அதிகம் வழங்கப்படும் மதிப்பெண்ணே ஏ என்று அவர்களே சொன்னார்கள். இரண்டும் மேலான பெயர்தான். ஆனால் ஒரே உழைப்புக்கு இரண்டு இடத்திலும் ஒரே ஜிபிஏ வந்திருக்குமா?

மாநிலம் எது என்பதும் பலருக்குக் கல்லூரிப் பெயரைவிடப் பெரிய விஷயம். அரசு மருத்துவப் பள்ளிகள் சொந்த மாநிலப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும். டெக்ஸாஸ் அரசுப் பள்ளிகளில் வெளிமாநிலத்தார் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது. மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி அந்த மாநிலத்தவரை மட்டும்தான் சேர்க்கும். இங்கே எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில், பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் இருப்பீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பல மருத்துவப் பள்ளிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத பிள்ளையின் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வதே இல்லை. இருபத்தொரு வயதில் அந்த விசாவும் முடிந்துவிடும். யார் எடுத்துக்கொள்வார்கள் என்ற பட்டியலை இன்றே தயார் செய்யுங்கள். கல்லூரிப் பெயரைப் பற்றிய கவலையை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பணம். 2025 ஜூலையில் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் வரைதான். முழுச் செலவுக்கும் கடன் கொடுத்த பழைய திட்டம் அவர்களுக்கு மூடப்படுகிறது. பல தனியார் மருத்துவப் பள்ளிகளில் நான்காண்டுச் செலவு 3,50,000 டாலரைத் தாண்டுகிறது. நடுவில் இருக்கும் பள்ளத்தைத் தனியார் வங்கிக் கடனோ உங்கள் சேமிப்போதான் நிரப்ப வேண்டும். முதல் நான்கு ஆண்டிலேயே வீட்டின் மேல் கடன் வாங்கிவிட்டால், அடுத்த நான்கு ஆண்டுக்கு எதைக் கொண்டு போவீர்கள்? மருத்துவ இடம் கிடைத்தும் பணத்துக்காக ஓர் ஆண்டு தள்ளிப்போட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தத் தாயின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பள்ளி முடித்தவுடனே மருத்துவ இடத்தையும் சேர்த்து உறுதி செய்யும் திட்டங்கள் பற்றிப் பலர் கேட்பீர்கள். பிரவுனின் எட்டாண்டுத் திட்டம், மிசௌரி கான்சஸ் சிட்டியின் ஆறாண்டுத் திட்டம், நம் மாநிலத்திலேயே இருக்கும் ஏழாண்டுத் திட்டம். நல்ல திட்டங்கள்தான். பதினேழு வயதில் பிள்ளைக்கு மனம் உறுதியாக இருந்தால் போகட்டும். உறுதி நம்முடையதாக இருந்தால் வேண்டாம்.

அந்த நண்பருக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். அன்று பதில் சொல்லவில்லை, அவர் மகளுக்கு நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் எத்தனை பேர்? புரியாவிட்டால் யாரிடம் போவது, அவர் அறை எத்தனை மணிக்குத் திறந்திருக்கும்? ப்ரீமெட் என்று தொடங்கியவர்களில் எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள்? பேருந்தில் போகும் தூரத்தில் தொண்டு செய்ய மருத்துவமனையோ முதியோர் இல்லமோ இருக்கிறதா? இரண்டு இடத்துக்கும் போய் நீயே கேள், அப்பா காரில் இருக்கட்டும் என்றேன்.

போன வாரம் அவள் அழைத்தாள். "அங்கிள், ரெண்டு இடத்திலயும் கேட்டேன். ஒரு இடத்தில மூணாவது கேள்விக்குப் பதில் வரல. இன்னொரு இடத்தில கூட்டிட்டுப் போய் உட்கார வச்சு நம்பர் காட்டினாங்க." எது எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முன்பணம் கட்ட மே 1 கடைசி நாள்.

இனி உங்கள் கேள்விகள். முதலில் பிள்ளைகள் கேட்கட்டும். பெற்றோர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசையில் கை தூக்கியிருக்கிறாயே, நீ சொல்லம்மா.